இழுவைக் கொக்கியைத் துரு தின்னாமல் காப்பது எப்படி?

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைப் பூட்டியிருக்கும் இடத்தை ஒரு முறை குனிந்து பாருங்கள். டிராக்டரின் பின்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடித்த இரும்புத் தகடுகள் இருக்கும். மாட்டு வண்டியின் ஏர்க்காலைப் போல டிரெய்லரிலிருந்து நீண்டு வரும் தண்டின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். வளையத்தைத் தகடுகளுக்கு நடுவே நுழைத்து, துளைகள் ஒரே நேராக வந்ததும் மேலிருந்து ஒரு முளையைச் செருகுகிறார்கள். பட்டறைகளில் இதைப் 'பின்' என்பார்கள். கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த இந்த இரும்பு உருளையை நம்பித்தான் பல டன் கரும்பும் நெல்லும் செங்கல்லும் சாலையில் போகின்றன. ஏறக் கூடாதென்றாலும் மூட்டைகளின்மேல் ஆட்களும் ஏறிக்கொள்கிறார்கள்.

துறைமுகங்களில் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் நீண்ட லாரிகளிலும் இதே ஏற்பாடுதான் பெரிய உருவில் இருக்கிறது. டிரெய்லரின் அடியில் இரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு முளை கீழ்நோக்கி நிற்கும். லாரியின் முதுகிலுள்ள வட்டத் தகடு அதைக் கவ்விக்கொள்ளும். சக்கரமே இல்லாத அந்தத் தகட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். அமெரிக்காவில் சிறு லாரிகளின் பின்னால் ஒரு இரும்புப் பந்தைப் பொருத்தி, அதன்மேல் கிண்ணம் போன்ற மூடியைக் கவிழ்த்துப் பூட்டுகிறார்கள். உருவம் எதுவாயினும், அசையும் இரு இரும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அது. துருவுக்கு இதைவிட வசதியான இடம் வண்டியில் வேறில்லை எனலாம்.

துருவினால் எவ்வளவு கெட்டுவிடும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள முளை துருவாலும் தேய்மானத்தாலும் 27 மில்லிமீட்டர் ஆகிவிட்டதாகக் கொள்வோம். பத்தில் ஒரு பங்குதானே போயிற்று என்று தோன்றும். ஆனால் ஓர் உருளை வளையாமல் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. 0.9-ஐ மும்முறை பெருக்கினால் 0.729. அதாவது வலிமையில் ஏறத்தாழ 27 விழுக்காடு போய்விட்டது! இது முளை சீராகத் தேய்ந்திருந்தால் வரும் கணக்கு. துரு சீராகத் தின்பதில்லை. அங்கங்கே குழி பறிக்கிறது. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அக்குழிகளின் அடியில்தான் இழுவிசை குவிகிறது. வெடிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

துரு எங்கே குழி பறிக்கும்? ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடத்தில்தானே துரு ஆழமாக அரிக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. 1920-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் ஈவன்ஸ் என்ற அறிஞர் செய்த மிக எளிய சோதனை ஒன்று இதைக் கண்ணெதிரே காட்டியது. உங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்திலேயே ஆசிரியரின் துணையோடு அதைச் செய்து பார்க்கலாம்.

நூறு மில்லிலிட்டர் நீரில் மூன்று கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். சிறிது பினால்ப்தலீனும் சிறிது பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சேருங்கள். உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் இக்கரைசலில் ஒரு பெரிய துளியை விட்டுக் காத்திருங்கள். முதலில் நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் ஒழுங்கின்றித் தோன்றும். சிறிது நேரத்தில் அவை பிரிந்துகொள்ளும். துளியின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும். இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் ஒரு துரு வளையம் உருவாகும்.

இதன் பொருள் என்ன? நீலம் காட்டும் இடத்தில் இரும்பு கரைந்து அயனியாகிறது. அணுக்கள் தம் எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு நீருக்குள் போய்விடுகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன. அங்கே காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொண்டு நீருடன் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனியாகிறது. அதன் காரத்தன்மைதான் இளஞ்சிவப்பு. துளியின் விளிம்பு மெல்லியது. ஆகவே ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது. நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் குறைவு. ஒரு துளி நீர் தனக்குள்ளேயே ஒரு மின்கலமாகிவிடுகிறது. ஆக்சிஜன் மிகுந்த இடம் பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் கரைகிறது. துருவோ இரண்டுக்கும் நடுவே, வேறோர் இடத்தில் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் துரு ஓரிடம், இரும்பு போன இடம் வேறோரிடம் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது முளையையும் துளையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு தாளின் கனத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் வரை இடைவெளி. மழைநீர் அதற்குள் இழுக்கப்பட்டு நிற்கிறது, எளிதில் உலர்வதில்லை. வாய்ப்பகுதிக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது, உட்பகுதிக்குக் கிடைப்பதில்லை. ஈவன்ஸின் துளிதான் இங்கே சுருண்டு படுத்திருக்கிறது. போதாக்குறைக்கு, உள்ளே கரைந்த இரும்பு நீருடன் வினைபுரிந்து அமிலத்தன்மையை உண்டாக்குகிறது; உப்பிலுள்ள குளோரைடு அயனிகளும் உள்ளே இழுக்கப்படுகின்றன. வெளியே இருக்கும் நீரைவிட இடுக்கினுள் இருக்கும் நீர் கொடியதாகிவிடுகிறது. முளையின் தலைப்பகுதி வெறும் பழுப்பாக மட்டும் இருக்க, உருவிப் பார்த்தால் உடல் பள்ளம் பள்ளமாக அரிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

வீட்டிலும் இதைப் பார்க்கலாம். வண்ணம் பூசாத இரண்டு துண்டுப் பட்டை இரும்பை உப்பு நீரில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து நூலால் இறுகக் கட்டுங்கள். மூன்றாவது துண்டைத் தனியே நனைத்து வையுங்கள். நாள்தோறும் ஒரு முறை நனைத்து, இரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துத் துருவைத் தேய்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

உப்பின் பங்கு இவ்வளவோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ காற்றின் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. ஆகவே உப்பளத்துக்குப் போய்வரும் லாரியின் கொக்கி, வானம் வெளுத்திருக்கும் நாளிலும் உண்மையில் நனைந்துதான் இருக்கிறது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை நிறுத்திவைத்து அரிமானத்தை அளந்துவந்திருக்கிறது காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இந்த உப்பும் ஈரமுமே.

கடலைப் பார்க்காத டிராக்டருக்கும் உப்புத் தொல்லை உண்டு. பொட்டாஷ் உரம் என்று வாங்குகிறோமே, அது பொட்டாசியம் குளோரைடு. உப்பின் நெருங்கிய உறவு. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தை ஈர்ப்பவை. உரமூட்டை ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் நிறுத்துவது நல்ல பழக்கமன்று. குளிர்நாடுகளில் கதை வேறு விதம். சாலையில் உறையும் பனியை உருக்க அவர்களே உப்பைக் கொட்டுகிறார்கள். சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு எல்லாம் சேற்றோடு கலந்து வண்டியின் அடியில் அப்பிக்கொள்கின்றன. அமெரிக்கச் சிறு லாரிக்காரர்கள் கொக்கித் துருவைப் பற்றி இத்தனை கவலைப்படுவது அதனால்தான்.

துருவின் இன்னொரு குணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. துரு இரும்பைத் தின்பதோடு, இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுகிறது. திறந்த வெளியில் அது உதிர்ந்து விழும். இடுக்கில் எங்கே போகும்? அடைபட்டு, இருபுறமும் தள்ளுகிறது. பல மாதம் கழற்றாத முளை சுத்தியலால் அடித்தாலும் வராமல் இறுகிப்போவது இதனால்தான்.

இந்தத் தள்ளுவிசை விளையாட்டல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மயானஸ் ஆற்றின்மேல் 1958-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று இருந்தது. அதன் நடுப்பகுதி இருபுறமும் முளைகளிலிருந்து தொங்கும் இரும்புத் தகடுகளால் தாங்கப்பட்டிருந்தது. நம் டிரெய்லர் பூட்டைப் போன்றே முளையும் துளையும் கொண்ட இணைப்பு. பாலத்தின் மழைநீர் வடிகால்களைச் சாலை போட்டபோது தார் மூடிவிட்டது. நீரும் பனிக்கால உப்பும் வடிகாலில் போக வழியின்றி, பாலத்தின் மூட்டுகள் வழியே கசிந்து முளைகளின்மேல் இறங்கின. 1983 ஜூன் 28 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், நூறு அடி நீளமுள்ள பகுதி அப்படியே பிரிந்து ஆற்றில் விழுந்தது. இரு லாரிகளும் இரு கார்களும் உடன் விழுந்தன. மூவர் இறந்தனர், மூவர் படுகாயமுற்றனர். ஆராய்ந்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இடுக்கில் வளர்ந்த துரு தொங்கு தகட்டைச் சிறிது சிறிதாக முளையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போயிருந்ததைக் கண்டது. தகட்டை இழுத்து அறுத்தது பாரமன்று. அதைத் தன் இடத்திலிருந்து நகர்த்திவிட்டது துரு. பரிசோதனை செய்தவர்கள் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுப் போனதால் இது கண்ணில் படவேயில்லை.

இனி, காப்பது எப்படி என்று பார்ப்போம். வண்ணம் பூசினால் போதாதா என்று கேட்கலாம். முளையும் துளையும் உரசும் பரப்பில் எந்த வண்ணமும் ஒரு வாரம்கூட நிற்காது. துத்தநாகப் பூச்சும் அப்படியே. 'எவர்சில்வர் முளை போட்டால்?' என்பது அடுத்த கேள்வி. விலை ஒருபுறம் இருக்கட்டும். எவர்சில்வரைக் காப்பது அதன்மேலுள்ள மிக மெல்லிய ஆக்சைடுத் தோல். அத்தோல் பழுதடையும்போது மீண்டும் வளர ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் இல்லாத உப்பு இடுக்கில் எவர்சில்வரும் குழி விழும்.

உரசும் பரப்புக்கு உரிய காப்பு கிரீஸ் ஒன்றுதான். கிரீஸ் என்பது எண்ணெயைத் தாங்கிப் பிடித்திருக்கும் சோப்பு. சோப்பு என்றதும் நீரில் கரைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். லித்தியம், கால்சியம் சோப்புகள் நம் குளியல் சோப்பைப் போல நீரில் கரைபவை அல்ல. எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது. சோப்பு அதை ஓடிவிடாமல் நிறுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் நிற்கவேண்டிய இடைவெளியைக் கிரீஸ் தானே நிரப்பிக்கொள்கிறது. இடமில்லாத இடத்தில் ஈவன்ஸின் துளி எப்படி உட்காரும்?

ஆனால் கிரீஸ் போடுவதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பழைய கிரீஸின்மேலேயே புதியதை அப்புகிறார்கள். பழைய கிரீஸில் மணல் ஒட்டியிருக்கிறது. மணல் கலந்த கிரீஸ் தேய்ப்பதற்கென்றே செய்த களிம்பு போலாகிவிடும். முளையைக் காப்பதற்குப் பதில் அரைத்துத் தள்ளும். முளையை உருவி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் முளை, துளை, வளையம் மூன்றையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே புதிய கிரீஸைத் தடவ வேண்டும். ஈரத்தின்மேல் தடவினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைத் தடவும் வழக்கமும் உண்டு. காசு செலவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது. எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலங்களும் உலோகத் துகள்களும் அதில் கலந்திருக்கின்றன. சொட்டிய இடத்தில் வயல் மண்ணையும் கெடுக்கின்றன.

உரசாத பகுதிகளான தண்டு, தகடுகளின் வெளிப்புறம், சட்டம் ஆகியவற்றுக்கு வண்ணமும் துத்தநாகமும் ஏற்றவை. முதலில் தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, நல்ல நீரில் கழுவி உப்பை நீக்கி, உலரவிட வேண்டும். உப்பை நீக்காமல் வண்ணம் பூசினால், அடியிலுள்ள உப்பு வண்ணப் படலத்தின் வழியே நீரை இழுத்துக் கொப்புளம் போடும். குழிகளுக்குள் ஒட்டிக்கொண்டு வராத துருவுக்கு ஒரு மருந்து உண்டு. பழைய நாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சினார்கள் அல்லவா? அன்னபேதி இரும்பின் உப்பு, கடுக்காயிலிருப்பது டானின். இரண்டும் கூடிக் கரையாத கருநீல நிறப்பொருளாகின்றன. கடைகளில் விற்கும் துரு மாற்றிகள் பலவற்றில் இதே டானின்தான் வேலை செய்கிறது. மிச்சமிருக்கும் துருவை அது இறுகிய கரும்படலமாக மாற்றிவிடுகிறது. அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் எனாமல். செங்காவி நிற 'ரெட் ஆக்சைடு' அடிப்பூச்சின் நிறமியும் இரும்பு ஆக்சைடே. துருவின் இனத்தைச் சேர்ந்ததே துருவுக்குத் தடையாக நிற்பது வேடிக்கைதான்.

துத்தநாகம் வண்ணத்தைவிட ஒரு படி மேல். 1837-இல் பிரான்சில் ஸ்தனிஸ்லா சோரெல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சுத்தம் செய்த இரும்பை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். தடித்த இரும்பில் 85 மைக்ரான் அளவுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக, துத்தநாகம் படிகிறது. கடுமையான கடற்கரைச் சூழலில் வெற்று இரும்பு முதலாண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும். துத்தநாகமோ அங்கே 4 முதல் 8 மைக்ரான்தான் கரையும். மேலும், கீறல் விழுந்தாலும் கவலையில்லை. இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானைக் கைவிடும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். இந்த நன்மையெல்லாம் காற்றோட்டமுள்ள இடத்தில்தான். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்துதான் துத்தநாகம் தன் காப்புத் தோலை உண்டாக்குகிறது. நீர் தேங்கிய இடுக்கில் அது வெண்பொடியாகி விரைவில் தீர்ந்துவிடும்.

இங்கே பட்டறைக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். துத்தநாகம் பூசிய சட்டத்தை அப்படியே வெல்டிங் செய்தால் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்தெடுத்துவிட வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. கடினமாக்கப்பட்ட முளையின் துருவை நீக்க அதை அமிலத்தில் ஊறப்போடாதீர்கள். அமிலமும் இரும்பும் வினைபுரிந்து பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி எஃகுக்குள்ளேயே புகுந்துவிடும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் முளை, பாரம் ஏறிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ கண்ணாடி போல் முறியக்கூடும்.

டிரெய்லரின் தண்டு பெரும்பாலும் உள்ளீடற்ற குழாய். வெளியே ஆண்டுதோறும் வண்ணம் பூசுவார்கள். உள்ளே நீர் நிற்கும். குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடியும் துளை இருக்கிறதா, அதைச் சேறு அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்ப்பது, வண்ணம் பூசுவதைவிடப் பயன் தரும். துளையில்லாத குழாயில் வண்டிக்காரர் தாமே துளை போடக் கூடாது. இடம் தவறினால் தண்டு பலவீனப்படும். பட்டறையில் காட்டிச் செய்துகொள்ளலாம்.

முளையை மாதம் ஒரு முறையாவது, கடலோரத்திலும் உர வேலையிலும் வாரம் ஒரு முறையாவது, முழுதும் உருவிப் பார்க்க வேண்டும். உருவும்போது செந்நிறப் பொடி உலர்ந்த மாவு போல உதிர்ந்தால், கிரீஸ் தீர்ந்து இரும்பும் இரும்பும் அதிர்வில் உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஈரமான பழுப்புச் செதில்கள் வந்தால் நீர் தங்கியிருக்கிறது. துடைத்தபின் விரல் நகத்தை முளையின் நீளவாக்கில் ஓட்டுங்கள். குழியிலோ படியிலோ நகம் தட்டினால், அல்லது தேய்ந்த இடத்தின் விட்டம் தேயாத தலைப்பக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அந்த முளைக்குக் கிரீஸ் போட்டுப் பயனில்லை. அதை மாற்றிவிட வேண்டியதுதான். மாற்றும்போது கையில் கிடைத்த கட்டடக் கம்பியை அறுத்துச் செருகுவது கூடாது. அதே விட்டத்தில், அந்த வண்டிக்கென்று செய்த முளையை வாங்குங்கள். அறுவடை முடிந்து டிரெய்லரை ஓரமாக நிறுத்தும்போது முளையைத் துளையிலேயே விட்டுவிடாமல், கிரீஸ் தடவி எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொட்டகைக்குள் வையுங்கள். காலியான துளைக்குள்ளும் கிரீஸைத் தடவி, மழை இறங்காதபடி ஒரு தகரத்தையோ ஓட்டையோ மேலே கவிழ்த்துவிடுங்கள்.